ரிஜிட்டிலிருந்து ஃபுல் சஸ்பென்ஷனுக்கு: ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வேர்த்தடம், சிங்கப்பூர்:

கடைசியில் நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். முன்னும் பின்னும் அதிர்வை வாங்கும் ஷாக் வைத்த ஃபுல் சஸ்பென்ஷன் மலைச் சைக்கிள், நண்பருடையது. 29 அங்குலச் சக்கரம். அதிர்வுக்கு முன்சக்கரம் 130 மி.மீ. அசையும், பின்சக்கரம் 120. என்னுடையது 26 அங்குல ஸ்டீல் ரிஜிட் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். டயர் காற்றைத் தவிர அதில் வேறு மெத்தை கிடையாது.

புக்கிட் தீமா தடம். மர வேர்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் ஒரு இறக்கம். உடம்பு தன் பழக்கப்படி தயாராகிவிட்டது. சீட்டை விட்டு எழும்பி, முழங்கையை மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு அடிக்காகக் காத்திருக்கிறேன். அடி வரவே இல்லை. கீழே தப் தப்பென்று சத்தம் மட்டும் கேட்கிறது, கைக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. வேகம் குறையாததால் அடுத்த வளைவு எதிர்பார்த்ததற்கு முன்பே மூஞ்சிக்கு நேராக வந்து நின்றது. இரண்டு பிரேக்கையும் அழுத்தி எப்படியோ திருப்பினேன்.

பயமெல்லாம் இல்லை. வேறொன்றுதான் உறுத்துகிறது. ரிஜிட்டில் அந்த இறக்கத்தின் ஒவ்வொரு வேரும் எனக்கு மனப்பாடம்: இடது பக்கம் வழவழப்பானது, அதை அடுத்து ஒரு பள்ளம், அப்புறம் இரட்டை வேர். அன்றைக்கு எந்த வழியில் இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி இருந்ததா?

பாறைப்பிரியன், பெங்களூரு:

எல்லாரும் இறக்கத்தையே பேசுகிறீர்கள். என்னை உலுக்கியது ஏற்றம்தான். துரஹள்ளியில் ஒரு பாறைப் படி இருக்கிறது. ரிஜிட்டில் அங்கே பின்சக்கரம் ஒரு துள்ளு துள்ளும், பிடி விட்டுப்போகும், காலை ஊன்றுவேன். வழக்கமான சடங்கு. ஃபுல் சஸ்பென்ஷனில் உட்கார்ந்தபடியே மிதித்தேன். முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்ததோடு சரி, பின்சக்கரம் பாறையை விடாமல் ஒட்டிக்கொண்டே ஏறிவிட்டது. மேலே போய்த்தான் மூச்சே விட்டேன். மிதிக்கிற சக்தியெல்லாம் ஸ்பிரிங்குக்குத்தான் போகும் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சுவிஸ் மலைச் சைக்கிள் வீரர் நினோ ஷூர்ட்டர் தங்கம் வாங்கியதே ஃபுல் சஸ்பென்ஷனில்தான்.

ஒரே குறை, பெடல். வண்டி நம் எடைக்கு அமுங்கி நிற்பதால் பெடல் தரைக்கு நெருக்கமாகிவிடுகிறது. அதே ஏற்றத்தில் அடுத்த மிதியிலேயே பாறையில் ‘டங்’கென்று இடித்தது. எங்கே மிதிக்கலாம், எங்கே காலை நிறுத்தி வைக்கலாம் என்று மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

பழையஃபோர்க், கோலாலம்பூர்:

வேர்த்தடம் தம்பி, இரவல் வண்டி என்கிறீர்கள். ஷாக்கில் காற்று யார் எடைக்கு வைத்தது? அதைப் பார்க்காமல் அடி வந்தது, வரவில்லை என்று பேசிப் பயன் இல்லை. தண்ணீர்ப் பை, ஹெல்மெட், ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வண்டியில் ஏறுங்கள். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதை ஷாக்கின் உறையை ஒட்டத் தள்ளிவிட்டு, ஓட்டுகிற நிலையில் மெதுவாக உட்காருங்கள், ஆட்டாமல் இறங்குங்கள். பின்ஷாக் என்றால் மொத்த ஓட்டத்தில் 25 முதல் 30 சதவீதம் அமுங்கியிருக்க வேண்டும். ஷாக் ஓடும் தூரம் 50 மி.மீ. என்றால் வளையம் 15 மி.மீ.க்கு மேல் நகரக் கூடாது. நகர்ந்தால் காற்று ஏற்றுங்கள். சைக்கிள் பம்ப் ஆகாது, அதற்கென்று ஷாக் பம்ப் தனியாக இருக்கிறது.

அப்புறம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி எழும் வேகம். உட்கார்ந்தபடியே நடைபாதை விளிம்பிலிருந்து இறங்குங்கள். பின்பக்கம் ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. மறுபடி மறுபடி ஆடினால் ஷாக்கில் உள்ள ரீபவுண்ட் திருகை ஆமைப் படம் இருக்கும் பக்கம் ஓரிரு சொடுக்கு திருப்புங்கள். நம் ஊர் மழைக்கும் சேற்றுக்கும், பின்சட்டம் அசையும் மூட்டில் இருக்கும் பிவட் பேரிங் சீக்கிரம் கரகரக்க ஆரம்பிக்கும். பிரஷர் வாஷரை அதன் மேல் நேராக அடிக்காதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி எண்ணெய் மாற்ற 50 மணி நேர ஓட்டம் என்பது பொதுவான கணக்கு. ரிஜிட்டில் இந்தச் செலவு ஏது?

என் அனுபவம்? புக்கிட் கியாராவில் ஒரு சுற்று ஓட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பாறைப்பிரியன் தம்பிக்கு ஒன்று: ஒலிம்பிக் வீரருக்கு ஷாக் பார்க்கத் தனி மெக்கானிக் உண்டு. 1976-இல் கலிஃபோர்னியாவின் ரீபேக் இறக்கத்தில் பந்தயம் விட்டவர்கள் ஸ்பிரிங்கே இல்லாத பழைய வண்டிகளில்தான் இறங்கினார்கள்.

பாறைப்பிரியன்:

அந்த வண்டிகளில் ஒவ்வொரு இறக்கத்துக்கும் பின்சக்கர அச்சுக்குள் இருந்த பிரேக்கில் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோய், மறுபடி அடைக்க வேண்டியிருந்தது அண்ணே. ரீபேக் (மறுபடி அடைப்பது) என்ற பெயரே அதனால் வந்ததுதான். பராமரிப்பே இல்லாத பொற்காலம் என்று அதைக் காட்டாதீர்கள்.

பனிச்சில்லு, டொரொன்டோ:

அண்ணைமார் சண்டையை நிறுத்துங்கோ, நான் என்ரை கதையைச் சொல்லுறன்.

க்ரொதர்ஸ் வுட்ஸ் தடத்திலே ஒரு மரக்கட்டை விழுந்து கிடந்தது. ரிஜிட்டிலே இப்படிக் கட்டை வந்தால் கையையும் காலையும் ஒரு அமுக்கு அமுக்கிப் பிறகு எழும்புவன், வண்டியும் சேர்ந்து எழும்பும். யோசிக்கவே தேவையில்லை. ஃபுல் சஸ்பென்ஷனிலும் அதையே செய்தன். நான் குடுத்த அமுக்கு முழுவதையும் ஷாக் விழுங்கிப்போட்டுது. முன்சில்லு கடந்துவிட்டுது, பின்சில்லு எழும்பவே இல்லை, நேரே கட்டையிலே போய் மோதினது. வேறு வண்டி என்றால் நான் ஹேண்டில்பாருக்கு மேலாலே போயிருப்பன். இது என்னடா என்றால் ஒரு முக்கு முக்கிவிட்டுத் தானாகவே ஏறிப்போயிட்டுது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எழும்பத் தெரிந்தவளுக்கும் தெரியாதவளுக்கும் அதிலே ஒரே மரியாதை!

பிறகு கொஞ்சம் பழகினது. ஷாக்கை முதலே நல்லா ஆழமா அமுக்கி, அது திரும்பி வருகிற நேரம் பார்த்து எழும்ப வேணும். ஆறுதலான தாளம். ஆனால் மணிக்கட்டு நோ இல்லாமல் வீட்டுக்கு வந்தன், அதை மறைக்க ஏலாது.

வேர்த்தடம்:

பழையஃபோர்க் அண்ணே, கேட்டதற்காகவே அளந்து பார்த்தேன். நண்பர் என்னைவிட நல்ல கனம், அவர் எடைக்கு வைத்த காற்றுதான் உள்ளே இருந்தது. என் எடைக்கு வளையம் நீங்கள் சொன்ன அளவில் பாதிகூட நகரவில்லை. அதாவது நான் ஓட்டியது கெட்டியான ஷாக். சரியாக வைத்தால் இன்னும் மிருதுவாக இருக்குமாம். அப்போது வேர் இருப்பதே தெரியாதோ என்னவோ. அடுத்த வாரமும் தருகிறேன் என்றிருக்கிறார், காற்றைக் குறைத்து ஓட்டப் போகிறேன்.

பாறைப்பிரியன்:

ஓட்டுங்கள், ஓட்டுங்கள். அந்த ஸ்டீல் ரிஜிட்டை விற்கிற எண்ணம் வந்தால் ஃபிரேம் சைஸ் மட்டும் சொல்லுங்கள், என் தங்கை பையனுக்கு வேண்டும்.