லோலோவின் (தாத்தாவின்) 40ஆம் நாள்: பிலிப்பைன்ஸ், சான்டா ஃபே வீட்டுக் குழு

நெனா (6:10): எல்லாரும் எழுந்தாச்சா? வானிலை மையம் பகாசா நம்ம பன்டாயன் தீவுக்கு புயல் சிக்னல் 2 ஏத்திட்டாங்க. சனிக்கிழமை அப்பா இறந்து 40ஆம் நாள். ஹக்னாயா துறைமுகத்துப் படகு ஓடுமா?

ஜுன்ஜுன்: ஓடாதும்மா. கோஸ்ட் கார்டு ராத்திரியே நிறுத்திட்டாங்க

லிசா (செபு): நாங்க 11 பேர் பை கட்டி வெச்சிருக்கோம் நாங் (அக்கா) 😢

ரோய் (கப்பல்): என்னாச்சு? இப்பதான் நெட் கிடைச்சுது

டோடோய்: எல்லாரும் கவனமா படிங்க. சிக்னல் 2ன்னா காத்து மணிக்கு 62ல இருந்து 88 கிலோமீட்டர், 24 மணி நேரத்துக்குள்ள எதிர்பார்க்கலாம். 3க்கு ஏறினா 89ல இருந்து 117, கையில இருக்கிறது 18 மணி நேரம்தான். ஏறட்டும் பாத்துக்கலாம்னு உக்காராதீங்க. இப்பவே 3க்குன்னு நினைச்சுக் கட்டுங்க. காத்து வந்தப்புறம் எவனும் ஏணியில கால் வைக்கக் கூடாது. முதல்ல கூரை, அப்புறம் படகு.

லிசா: நோங் (அண்ணா), ஜெபம் சனிக்கிழமையா இல்லையா, அதை முதல்ல சொல்லுங்க

டோடோய்: கூரை இருந்தாத்தானே ஜெபம். ஜுன்ஜுன், தகரம் நடுவுல பிடுங்காது. ஓரத்துலயும் முகட்டுலயும்தான் காத்து மேல தூக்கும். ஓரத்து ஆணி ஒண்ணு கழண்டாப் போதும், தகரம் படபடன்னு அடிச்சு அடுத்த ஆணியை அதுவே பிடுங்கிடும். அதனால ஓரத்து வரிசை முழுக்க கையால ஆட்டிப் பாரு. தளர்ந்த ஆணியை அதே ஓட்டையில திரும்ப அடிக்காத, மரம் பிடிக்காது. ரெண்டு விரல் தள்ளி, கீழ சட்டம் இருக்கிற நேர்ல, ரப்பர் வாஷரோட திருகாணி போடு. பழைய ஓட்டையில சீலன்ட் வை. ஈரமா இருந்தா ஒட்டாது, துடைச்சுட்டு வை.

ஜுன்ஜுன்: சரி தியோ (மாமா)

டோடோய்: அப்புறம் பழைய மீன்வலையை கூரை மேல விரிச்சு நாலு பக்கமும் இழுத்துக் கட்டணும். படானெஸ் தீவுகள்ல புல்லுக் கூரைக்கு இதைத்தான் செய்யறாங்க. முளை அடிச்சு கட்டினா மழையில மண்ணு இளகி முளை எழும்பி வந்துடும். முழங்கால் ஆழம் பள்ளம் தோண்டி ஒரு தென்னங்கட்டையைப் படுக்கப் போட்டு, அதுல கயிறைக் கட்டி மண்ணைப் போட்டு மிதி. கட்டை மேல இருக்கிற மண்ணு முழுக்க கயிறைப் பிடிச்சுக்கும். கல்லு, டயர் எதையும் தகரத்து மேல வைக்காதீங்க. பறந்தா அடுத்த வீட்டுப் பிள்ளை தலையில விழும்.

நெனா: வலை எங்க? யோலாண்டா புயலுக்கு அப்புறம் ரோய் மாமனார் வாங்கிட்டுப் போனது

ரோய்: 2013ல வாங்கினதை இப்ப கேக்கறீங்களே நாங் 😅

நெனா: அப்பா கேட்டுக்கிட்டேதான் இருந்தாரு

ரோய்: மாமனாரைக் கேக்கறேன். கொழுந்தன் பைக்குல கொண்டு வருவான்

லிசா: 🙏

ஜுன்ஜுன்: பக்கத்துல எல்லாரும் படகுல தண்ணி நிரப்பறாங்க. நாமளும் செய்யலாமா? லோலோ படகு இன்னும் கடற்கரையிலதான் நிக்குது

டோடோய்: இன்னைக்கு ஓதம் ஏறும்போதே மேல ஏத்திடு. உருளைக்கு நாலு மூங்கில் போதும், பின்னாடி கழிஞ்சதை எடுத்து முன்னாடி போட்டுக்கிட்டே வாங்க. ஆளுங்க ஆறு பேர், அதுல மூணு பேர் குறுக்கு மூங்கில்ல கை வைக்கக் கூடாது, ஓடத்தைத்தான் தள்ளணும். காய் இருக்கிற தென்னைக்குக் கீழ நிறுத்தாத.

டோடோய்: தண்ணி நிரப்பலாம், காத்து தூக்காது. ஆனா கணக்கைப் பாரு. ஒரு கன மீட்டர் தண்ணி ஒரு டன். அடிப்பலகை கால் அங்குல ப்ளைவுட். தண்ணியில மிதக்கும்போது வெளிய இருந்து கடல் தாங்குது, தரையில அதைத் தாங்க யாரும் இல்ல. அடியில மணல் மூட்டையும் தேங்காய் மட்டையும் இடைவெளி இல்லாம கொடுத்துட்டு அரை அடி உயரத்துக்கு மட்டும் ஊத்து. விளிம்பு வரைக்கும் ஊத்தினா தையல் விட்டுடும், அப்புறம் எபாக்ஸியும் காயற மாதிரி வெயில் கிடைக்காது.

மைமை: தியோ டோடோய் ஒருத்தர் போதும் பகாசாவுக்கு 😄

ஜுன்ஜுன்: இடப்பக்கத்து கதிக் (பக்க மிதவை) மூங்கில் கட்டு தளர்ந்திருக்கு. ரெண்டு ஆணி அடிச்சுடவா?

டோடோய்: வேண்டவே வேண்டாம்!! கதிக் மிதக்கிறதே ஒவ்வொரு கணுவுக்குள்ளயும் காத்து அடைபட்டிருக்கிறதாலதான். ஆணி போன கணுவுல தண்ணி புகுந்துடும், அப்புறம் எந்நேரமும் படகு அந்தப் பக்கம் சாயும். தங்கூசி (தூண்டில் நைலான்) நரம்பால கட்டு. முதல்ல பழைய சைக்கிள் ட்யூபைக் கீத்தா வெட்டி மூங்கில் மேல சுத்து, இல்லேன்னா இறுக்கும்போது நரம்பு மூங்கிலை அறுக்கும். பெருக்கல் குறி மாதிரி எட்டு சுத்து, நடுவுல குறுக்கால மூணு சுத்து போட்டு இழு. தங்கூசி இழுபடும், இன்னைக்கு கட்டினதை நாளைக்குக் காலையில ஒரு தடவை திரும்ப இறுக்கு.

டோடோய்: இன்ஜினைக் கழட்டி வீட்டுக்குள்ள உயரமா வை. கார்புரேட்டர் பெட்ரோலை வடிச்சுடு. பிளக்கைக் கழட்டி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு, ஸ்டார்ட்டர் கயிறை மெதுவா ரெண்டு தரம் இழுத்துட்டு பிளக்கை மாட்டு. அப்படியும் உப்புத்தண்ணி புகுந்தா காய விடாத. நல்ல தண்ணியில கழுவி, பிளக் இல்லாம இழுத்து தண்ணியை வெளிய தள்ளி, உடனே ஆயில். காஞ்ச உப்புதான் இன்ஜினைக் கொல்லும்.

ரோய்: நோங், அந்த 16 குதிரை இன்ஜின் நான் அனுப்பின காசுல வாங்கினது. உங்க பட்டறைக்கு போயிடாதுல்ல?

டோடோய்: உன் இன்ஜினை உனக்காகத்தான் காப்பாத்தச் சொல்றேன் டோங்

நெனா: அந்தப் பேச்சு 40 முடிஞ்சப்புறம். அம்மா முன்னாடி வேண்டாம்

லிசா: அம்மா என்ன சொல்றாங்க ஜெபத்தைப் பத்தி?

ஜுன்ஜுன்: 🎤 (லோலா, அதாவது பாட்டி, குரல் செய்தி 2:14)

மைமை: காத்துச் சத்தம், பாதி கேக்கல. கேட்டதை எழுதறேன். “நாள் மாறாது. 40ன்னா 40. ஆள் குறைஞ்சாலும் சனிக்கிழமைதான். பன்றியை வெட்டுங்க, முழுசா சுடற லெச்சோன் வேண்டாம், கரண்ட் போனா மிச்சம் வீணாகும். அடோபோ போடுங்க. 1 கிலோவுக்கு அரை கப் தென்னை வினிகர், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை, உப்பு தாராளமா. வினிகர் ஊத்தினதும் கிளறாதீங்க, கொதிச்சு நெடி போகட்டும். தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு போடாதீங்க, மறுநாளே கெட்டுடும். தண்ணி வத்தி கொழுப்பு மேல வரணும், தினம் ஒரு தரம் கொதிக்க வைக்கணும்.”

லிசா: அப்போ நாங்க இல்லாமலேயா

நெனா: அப்படி யார் சொன்னா லிசா

லிசா: அம்மா சொல்றாங்களே

ரோய்: அடுத்த சனிக்கிழமை செபு ஆளுங்க வந்தப்புறம் சாப்பாடு வெச்சுக்கலாமே. ஜெபம் இந்த வாரம், விருந்து அடுத்த வாரம்

நெனா: ரெண்டு தரம் செலவு

மைமை: சோத்துக்கு ஓலைக் கூடு, பூசோ பின்னலாம். தட்டு கழுவத் தண்ணி வேண்டாம்

டோடோய்: நல்ல யோசனை இண்டாய். ஓலைக் கூட்டுக்குள்ள அரிசி பாதிதான். கூடினா நடு வேகாது, குறைஞ்சா குழையும். வெந்ததும் குவிச்சு வைக்காதீங்க, வேர்த்து ஊசிப்போகும். கொத்தா கட்டி காத்தாடத் தொங்க விடுங்க. அன்னன்னைக்கு உள்ளதை அன்னன்னைக்கே சாப்பிட்டுடணும்.

நெனா: நோங் பம்புத் தண்ணி? போன தரம் உப்பாச்சே

டோடோய்: இன்னைக்கே கேன் எல்லாம் நிரப்பு. வாசனை இல்லாத ஸோன்ராக்ஸ் ப்ளீச், லிட்டருக்கு 2 சொட்டு. 20 லிட்டர் கேனுக்கு 40 சொட்டு, அதாவது 2 மில்லி, பிள்ளைங்க மருந்து ஊத்தற ஊசிக்குழாயில அளந்துடலாம். அரை மணி நேரம் மூடி வை. கலங்கல்னா துணியில வடிகட்டிட்டு ரெண்டு மடங்கு. ஆனா கடல் உள்ள வந்து கிணறு உப்பாகிட்டா ஸோன்ராக்ஸ் உதவாது. அது கிருமியைத்தான் கொல்லும், உப்பை எடுக்காது. அதான் முன்னாடியே நிரப்பச் சொல்றேன்.

ஜுன்ஜுன்: போன் சார்ஜுக்கு என் பைக் பேட்டரி இருக்கு. எல்லாரும் கொண்டு வாங்க

ரோய்: எல்லாருமா? அது 12 வோல்ட் 5 ஆம்பியர்-அவர்தானே. 60 வாட்-அவர், அதுல பாதிக்கு மேல இறக்கினா பேட்டரி போயிடும். ஒரு போனுக்கு 15ன்னு வெச்சா ரெண்டு போன், அவ்வளவுதான். அம்மா போன், உன் போன். மத்ததெல்லாம் ஆஃப்

ஜுன்ஜுன்: ஓ

ரோய்: ராத்திரி விளக்குக்கு 3 வாட் எல்இடி போதும். டார்ச்சு மேல தண்ணி நிரப்பின வெள்ளை பாட்டிலை வை, வெளிச்சம் ரூம் முழுக்கப் பரவும்

டோடோய்: பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்ல இருந்து வயர் இழுத்தா சமையலறை ப்ளக்குல சொருகாதீங்க. லைன் உயிரோட இருக்கும், கம்பத்துல ஏறற ஆள் செத்துடுவான். ஜெனரேட்டர் வீட்டுக்குள்ள கூடாது, திண்ணையிலயும் கூடாது. புகையில வாசனை இல்லாத விஷம் இருக்கு.

லிசா: நாங், கருவாடு?

நெனா: ஐயோ ஆமா!! ஒரா மூணு தட்டு வெளிய காயுது. ஜுன்ஜுன்!

ஜுன்ஜுன்: நேத்துதான் பிளந்து போட்டது, இன்னும் ஈரம்

டோடோய்: ஈரமா மூட்டை கட்டினா பூஞ்சை பிடிக்கும். திரும்ப உப்புத்தண்ணியில ஒரு முக்கு முக்கி, அடுப்பு மேல பரண்ல மூங்கில் தட்டுல ஒத்தை வரிசையா போடு. தேங்காய் மட்டைப் புகை போதும், தீ நாக்கு தொடக் கூடாது.

லிசா: எங்களுக்கு ரெண்டு கிலோ எடுத்து வைங்க. எப்ப வர்றோமோ அப்ப

நெனா: வைக்காம? வா முதல்ல

ரோய்: கொழுந்தன் சொல்றான், வலை இருக்காம். ஆனா ஒரு பக்கம் கிழிஞ்சிருக்காம்

டோடோய்: கிழிசலை முகட்டுல வர்ற மாதிரி போடாதீங்க. ரெண்டா மடிச்சு காத்து வர்ற பக்கம் போடுங்க

லிசா: சரி விருந்து எப்ப? யாராவது ஒரு பதில்

நெனா: ஜெபம் நடத்தற நாங் கிட்ட கேட்டுட்டு சொல்றேன்

லிசா: 👍🏽 …

நெனா: ஜுன்ஜுன், நைலான் கயிறு 60 மீட்டர், திருகாணி 40, சீலன்ட் ஒண்ணு. ஹார்ட்வேர்ல கூட்டம் ஏறிடும், இப்பவே போ

ஜுன்ஜுன்: ஜிகேஷ் ஆப்ல காசு அனுப்புங்கம்மா. கரண்ட் போனா அவன் காசா இருந்தாத்தான் தருவான்