சிறுமலை ஏற்றத்துக்கு கிராங்கை மாற்றுவதா, கேசட்டை மாற்றுவதா?

கேள்வி (திருநகர், மதுரை):
வணக்கம். என் சைக்கிளில் ஷிமானோ 105 ஆர்7000 கியர் தொகுதி உள்ளது. முன்னே கிராங்கில் (மிதிகளோடு சுற்றும் பகுதி) 52, 36 பல் கொண்ட இரு வளையங்கள் (52/36); பின்னே கேசட்டில் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) 11 முதல் 28 பல் வரை (11-28). மேலூர்ச் சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் சென்ற மாதம் திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறியபோது, பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடப்பதற்குள் மிதியின் வேகம் மிகவும் தளர்ந்து, முழங்கால் வலிக்கத் தொடங்கிவிட்டது. கடையில் கிராங்கையே 50/34 ஆக மாற்றச் சொல்கிறார்கள். அது தேவைதானா? சைக்கிளும் நானும் சேர்ந்து 85 கிலோ.

பதில் 1:
தம்பி, கிராங்கை விடுங்கள், முதலில் கேசட்டைப் பாருங்கள். 7 சதவீத ஏற்றத்தில் நீங்கள் 150 வாட் ஆற்றலைத் தொடர்ந்து செலுத்த முடியும் என்று வைத்துக்கொண்டால், 85 கிலோ எடைக்கு வேகம் மணிக்கு ஏறத்தாழ 8.6 கிலோமீட்டர்தான். எந்தப் பல்சக்கரத்தைப் போட்டாலும் அந்த வேகம் கூடப்போவதில்லை; கால் எத்தனை முறை சுற்றுகிறது என்பது மட்டுமே மாறும். முன்னே 36, பின்னே 28 பல்லில் (36/28) மிதியின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 2.7 மீட்டர் நகர்வதால் நிமிடத்துக்கு 53 சுற்று கிடைக்கும். கேசட்டை மட்டும் 11-34 ஆக்கினால் அது 65 ஆகும். அதன் மேல் கிராங்கையும் மாற்றினால் 69. அந்த நான்கு சுற்றுக்காக ஒரு கிராங்கின் விலையைக் கொடுப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

உள்வளையத்தை மட்டும் 34 ஆக்கலாமே என்ற யோசனையும் சிலருக்கு வரும். அப்போது இரு வளையங்களுக்கும் 18 பல் வேறுபாடு ஏற்படும். முன் டீரெய்லர் (செயினை ஒரு வளையத்திலிருந்து மற்றதற்கு மாற்றும் கருவி) 16 பல் வேறுபாடு வரைதான் ஒழுங்காக வேலை செய்யும்.

பதில் 2:
மேலே அண்ணன் சொன்னது சரி. ஆனால் பின் டீரெய்லரைப் பார்க்காமல் கேசட்டை வாங்கிவிடாதீர்கள். ஆர்7000 இல் குட்டைக் கூண்டு (செயினை இழுத்துப் பிடிக்கும் சட்டம்) உள்ள எஸ்எஸ் வகை 30 பல் வரைதான் தாங்கும். 34 வேண்டுமானால் நீளக் கூண்டு உள்ள ஜிஎஸ் வகை தேவை. செயினையும் நீளமாக்க வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டுவிட்டு, தவறிப்போய்ப் பெரிய வளையத்தையும் பெரிய பல்சக்கரத்தையும் சேர்த்துப் போட்டால் டீரெய்லர் பிய்ந்துகொண்டு வரும். ஷிமானோவின் 11 வேக (11 பல்சக்கரம் கொண்ட) 11-34 கேசட்டை ரோடு சைக்கிளின் 11 வேக ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) பொருத்தும்போது 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்றை உள்ளே போட வேண்டும். அது இல்லாவிட்டால் கேசட் ஆடும்.

பதில் 3:
ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். 11-34 இல் 12, 14 பல் சக்கரங்கள் இருக்காது. ஆடிக் காற்றுக்கு எதிரே சமவெளியில் மிதிக்கும்போது, ஒரு கியர் கனமாகவும் அடுத்தது இலேசாகவும் இருப்பது எரிச்சலூட்டும். நான் மலைக்குப் போகும் வாரத்தில் மட்டும் 11-34 ஐ மாட்டிக்கொள்கிறேன். செயின் அதன் அளவுக்கே இருக்கிறது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. கூண்டின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தேன், எஸ்எஸ் என்றுதான் பொறித்திருக்கிறது. ஆகவே ஜிஎஸ் டீரெய்லர், கேசட், செயின் மூன்றையும் வாங்கப் போகிறேன். கிராங்க் அப்படியே இருக்கட்டும்.