கவுன்டர் முன்னால் கோபம் வரும்போது

வரிசையில் காத்திருக்கும்போது வரும் கோபத்தைப் பற்றி நாம் ஆளுக்கொரு அனுபவத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்; நானும் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சான்றிதழில் பெயரைத் திருத்தப் போயிருந்தேன். வரிசை நகரவே இல்லை. என்ன காரணம் என்று யாரும் சொல்லவும் இல்லை. எனக்கு முன்னால் நின்றவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கத்த ஆரம்பித்தார். அந்தப் பெண் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த மனிதர் குரலை உயர்த்த உயர்த்த, அந்தப் பெண்ணின் விரல் தடுமாறியது. எண்ணைத் தப்பாக அடிப்பதும் அழிப்பதும் மறுபடி அடிப்பதுமாக இருந்தார். கத்தியவருடைய வேலைதான் இன்னும் இழுத்தது.

என் முறை வந்தபோது, "எப்போதிலிருந்துங்க சர்வர் இப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். "காலையிலிருந்தே. மதியத்துக்கு மேல் சரியாகிவிடும் என்கிறார்கள். பேப்பரை இப்போதே சரிபார்த்து வைத்துவிடுகிறேன், அப்புறம் வாங்க" என்றார். அதை அப்படியே பின்னால் திரும்பிச் சொன்னேன். சிலர் கிளம்பினார்கள், மற்றவர்களின் முணுமுணுப்பு அடங்கியது. காத்திருப்பதன் உளவியலைப் பற்றி 1985-இல் எழுதிய மேலாண்மைத் துறை எழுத்தாளர் டேவிட் மைஸ்டர், காரணம் தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தோன்றும் என்கிறார். அன்று அதைக் கண்ணெதிரே பார்த்தேன். சர்வர் போனது அந்தப் பெண்ணின் குற்றமா என்ன? திட்டு முழுவதும் அவருக்குத்தான் விழுந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

*

கத்துவதால் வேலை நடக்காது என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பது என்று ஆகிவிடக் கூடாது. மருந்துக் கடை வரிசையில் ஓர் இளைஞர் நேராக முன்னால் வந்து சீட்டை நீட்டினார். பலருக்கும் முகம் சுருங்கியது. எனக்குப் பின்னால் நின்ற பெரியம்மா ஒருவர், "தம்பி, வரிசை அங்கே முடியுது பாருங்க" என்றார். சாதாரணமாக, வழி சொல்வது போல. "கவனிக்கலைங்க" என்று அவரும் பின்னால் போய்விட்டார். உண்மையிலேயே கவனிக்கவில்லையா என்று யாரும் தோண்டவில்லை. "கண்ணு தெரியலையா?" என்று யாராவது எகிறியிருந்தால் அவரும் விறைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருப்பார்.

*

பக்கத்து வரிசை மட்டும் வேகமாகப் போகிறதே என்று கொதிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரே மாதிரி மூன்று வரிசைகள் இருந்தால், நம்முடையது முந்துவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்புதான். பெரும்பாலும் வேறு ஏதாவது ஒன்று முந்தத்தான் செய்யும்.

என்னை அதிகம் சோதிப்பது வாடிக்கையாளர் சேவை எண்தான். தவறாகப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டுக் கூப்பிட்டேன். முதலில் எடுத்தவரால் முடிந்தது புகாரைப் பதிவு செய்வது மட்டும்தான். அதனால், "இதை முடிவு செய்யக்கூடியவரிடம் மாற்ற முடியுமாங்க?" என்று கேட்டேன். "மாற்றுகிறேன். நடுவில் லைன் போனாலும் போகும், இந்தப் புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். சொன்னபடியே லைன் போனது. மறுபடி கூப்பிட்டு அந்த எண்ணைச் சொன்னேன். கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்லாமல் நேராக மேலதிகாரியிடம் கொடுத்தார்கள்.