ரீஜென்சிக் காதல் கதை: மணக்க விரும்பாத பிரபுவும் வீட்டுக்குள்ளேயே வளர்ந்த முதிர்கன்னியும் – யாருடைய தயக்கம் கதையை நடத்த வேண்டும்?

வெண்தாமரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ரீஜென்சி காலம் எனப்படும் காலகட்டத்தைச் சேர்ந்த 1815–1816 ஆண்டுகளின் இங்கிலாந்தைக் களமாகக் கொண்டு ஒரு காதல் புதினத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகன் ஓர் ஏர்லின் (ஏர்ல் என்பது பரம்பரைப் பிரபுப் பட்டங்களில் ஒன்று) இரண்டாவது மகன். நெப்போலியனின் படைகளுக்கு எதிராக ஸ்பெயினிலும் பின்னர் வாட்டர்லூவிலும் போரிட்டவன். படைப்பணியிலேயே வாழ்நாளைக் கழித்துவிடலாம் என்று எண்ணியிருந்தவன். தந்தைக்குப் பின் பட்டமேற்ற அண்ணன் பிள்ளையில்லாமல் திடீரென இறந்துவிட, பட்டமும் பண்ணை நிலங்களும் அவற்றோடு சேர்ந்த கடனும் இவனிடம் வந்து சேர்கின்றன. மணம் செய்துகொள்ளும் விருப்பம் இவனுக்குத் துளியும் இல்லை. நாயகிக்கு 29 வயது. ஊர்ப் பாதிரியாரின் மூத்த மகளான இவள், தாய் இறந்த நாள் முதல் வீட்டையும் தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொண்டே இளமையைக் கடந்தவள். லண்டனைக் கண்டதில்லை, ஆடவர் எவரோடும் தனியே நெடுநேரம் பேசியதும் இல்லை.

இவ்வகைக் கதைகளில் வழக்கமாக ஒரு கட்டம் வரும். தோட்டத்திலோ நூலக அறையிலோ இருவரும் தனித்திருப்பதை யாரோ பார்த்துவிடுவார்கள். அவளுடைய நற்பெயரைக் காக்க அவன் மணக்க ஒப்புக்கொள்வான். மணமான பிறகு காதல் மலரும். அந்த வழியில் எழுதினால் முடிவெடுப்பவன் அவன் ஒருவனே ஆகிறான், அவள் மீட்கப்படும் பொருளாகச் சுருங்கிவிடுகிறாள் என்பதுதான் என் வருத்தம். அவனை மணத்தை நோக்கி உண்மையாகவே தள்ளக்கூடியவை அக்காலத்தில் என்னென்ன இருந்தன? அவள் மறுத்தால் அந்த மறுப்புக்குப் பொருள் இருக்கும்படியாக அவள் காலுக்குக் கீழே ஏதேனும் தரை இருந்ததா? அக்காலச் சட்டத்தையும் வழக்கத்தையும் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தொடுவானம்

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்த இருவரில் தயங்குவதற்கு மிகுந்த காரணம் உள்ளவள் நாயகி. 21 வயது கடந்த, மணமாகாத ஆங்கிலேயப் பெண் சட்டத்தின் கண்ணில் ஒரு முழு ஆள்: தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், வழக்குத் தொடுக்கலாம், உயில் எழுதலாம். மணமேடையிலிருந்து இறங்கிய கணமே இவை அனைத்தும் அவளை விட்டுப் போய்விடும். அவளுடைய பணமும் பத்திரங்களும் நகைகளும் கணவனுடையவை ஆகும். நிலம் இருந்தால் அதன் வருமானம் அவன் கைக்குப் போகும். அவன் சம்மதம் இன்றி அவளால் உயில்கூட எழுத முடியாது. குழந்தைகள் மீதான உரிமையும் தந்தைக்கே உரியது. சிறு குழந்தைகளைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு தாய் நீதிமன்றத்தை நாட முதன்முதலில் வழி செய்த சட்டம் 1839-இல்தான் வந்தது. சொத்துரிமைக்கு 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்யவேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும், அதையும் ஒரு பெண் முதன்முதலாகப் பெற்றது 1801-இல்தான். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், நல்லவன் ஒருவன் முழந்தாளிட்டுக் கேட்கும்போதும் அவள் ஒரு வாரம் அவகாசம் கேட்பது எவ்வளவு நியாயமானது என்று வாசகருக்குப் புரியும்.

ஆனால் இழப்பதற்கு அவளிடம் முதலில் ஏதாவது இருக்க வேண்டும். பாதிரியாரின் மகள் என்ற அமைப்பு உங்களுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. பாதிரியாரின் வீடு பதவியோடு சேர்ந்தது. தந்தை உயிரோடு இருக்கும் வரை அவரை அங்கிருந்து யாரும் கிளப்ப முடியாது, ஆனால் அவர் கண்மூடினால் அடுத்து வரும் பாதிரியாருக்கு வீட்டைக் காலி செய்து கொடுத்தாக வேண்டும். அடுத்தவரை நியமிக்கும் உரிமை பல ஊர்களில் உள்ளூர் நிலப்பிரபுவிடமே இருந்தது. உங்கள் நாயகன் அந்த உரிமையின் சொந்தக்காரன் என்று வைத்துப் பாருங்கள்; அவளுடைய கூரையே நாளை அவன் சொல்லில் நிற்கிறது. அந்த நிலையில் அவள் சொல்லும் சம்மதம் காதலா, அச்சமா என்று அவனாலேயே பிரித்தறிய முடியாது.

ஆகவே, ஞானத்தாய் ஒருத்தி அவளுக்கு ஒரு தொகையை எழுதிவைத்து இறக்கட்டும். மூன்று சதவீத அரசுப் பத்திரத்தில் 5,000 பவுண்டு என்றால் ஆண்டுக்கு 150 பவுண்டு வரும். செல்வச் செழிப்பு இல்லை; ஆனால் பாத் போன்ற ஓர் ஊரில் வாடகை அறைகள் எடுத்து, ஒரு பணிப்பெண்ணை வைத்துக்கொண்டு, யாருக்கும் கடமைப்படாமல் வாழப் போதும். வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டைக் கட்டிக் காத்தவளுக்குத் தன் வீடு என்ற ஒன்று கையெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவன் மணம் பேச வருகிறான். இப்போது தோட்டக் காட்சி எதுவும் தேவையே இல்லை.

மருதம்

மேலே சொன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். நாயகன் பக்கத்தைச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனெனில் மணக்க விரும்பாத பிரபு என்ற பாத்திரத்தைப் பெரும்பாலானோர் பெண்களை நம்பாத ஒருவனாகவே வரைந்துவிடுகிறார்கள். உங்கள் நாயகன் பிரபுவாக இருக்கவே விரும்பாதவன். அது அரிதாகக் கிடைக்கும் தொடக்கம், அதை நழுவவிடாதீர்கள்.

முதலாவது, வந்த பட்டத்தை அவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. பரம்பரைப் பட்டத்தைத் துறக்க இங்கிலாந்தில் சட்டம் வழி திறந்தது 1963-இல்தான். இரண்டாவது, பெரிய குடும்பங்களின் நிலம் தலைமுறை தலைமுறையாகக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டில் இருக்கும்; அதை அனுபவிப்பவர் தம் காலத்து வருமானத்துக்கு மட்டும் உரியவர், விற்றுக் கடனை அடைக்க அவரால் இயலாது. இறந்த அண்ணனின் மனைவிக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய தொகையும், மணமாகாத சகோதரிகள் இருந்தால் அவர்களுடைய சீதனமும் அந்த நிலத்தின் மீதே சுமத்தப்பட்டிருக்கும். போர் முடிந்ததும் தானிய விலை சரிந்து குத்தகைதாரர்கள் குத்தகைப் பணம் செலுத்தத் திணறிய காலம் அது. நில உடைமையாளர்களைக் காக்க 1815-இல் தானியச் சட்டம் வந்தது. மறுவருடமே கோடை குளிர்ந்து பயிர் கெட்டது. (தம்போரா எரிமலை வெடித்ததே அந்தக் குளிருக்குக் காரணம் என்பது அன்றைய மக்களுக்குத் தெரியாது, உங்கள் பாத்திரங்கள் மழையைப் பற்றி மட்டுமே பேச முடியும்.) அவனைச் சுற்றியிருப்பவர்கள் அனைவரும் ஒரே மருந்தைத்தான் சொல்வார்கள்: பெருஞ்சீதனத்தோடு வரும் ஒரு வணிகரின் மகளை மணந்துகொள். 5,000 பவுண்டு வைத்திருக்கும் பாதிரியார் மகள் அந்தக் கடனுக்கு எந்த வகையிலும் விடையாக மாட்டாள்.

இனி, நான் மிகவும் விரும்பிச் சொல்ல வந்தது. அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய மனைவி கருவுற்றிருக்கும் நிலையில் அவர் இறந்ததாக வைத்தால் என்ன? அப்போது குழந்தை பிறக்கும் வரை பட்டம் யாருக்கு என்பது முடிவாகாது. ஆண் குழந்தை என்றால் பிறந்த நொடியிலேயே அதுதான் ஏர்ல். பெண் குழந்தை என்றால் தம்பி ஏர்ல். அந்தச் சில மாதங்கள் நாயகன் பண்ணையை மேற்பார்வை பார்க்கும், படைப்பணியில் இல்லாமல் பாதிச் சம்பளம் பெறும் ஒரு படை அதிகாரி, அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் அவனைக் குடும்பப் பெயரோடு கேப்டன் என்றே அழைப்பார்கள். ஆண் குழந்தை பிறக்க வேண்டும் என்று அண்ணியைவிட அதிகமாக வேண்டிக்கொள்பவன் அவனாகவே இருப்பான். பாதிரியார் வீட்டுப் பெண்ணோடு அவன் பழகுவதும் மனம் திறப்பதும் அந்த மாதங்களில் நடக்கட்டும். பிறகு பெண் குழந்தை பிறக்கிறது. ஒரே காலையில் அவன் பெயர் போய்விடுகிறது; ஏர்லை அவருடைய பட்டத்தின் பெயரால்தான் அழைப்பார்கள், நேற்று வரை இருந்த குடும்பப் பெயரை இனி யாரும் உச்சரிக்க மாட்டார்கள். அவள் ஒருத்தி தவறுதலாகப் பழைய பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் ஓர் இடத்தை எழுதுங்கள். மூன்று அத்தியாயங்கள் செய்ய வேண்டியதை அந்த ஓரிடம் செய்துவிடும்.

இளவேனில்

சட்டமும் சொத்தும் கதைக்கு எலும்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. இருப்பினும் காதல் புதினத்தை எடுத்து வாசிப்பவர், இந்த இருவர் எப்படி ஒருவரை ஒருவர் அறிந்தார்கள் என்பதைத்தான் பக்கம் பக்கமாகத் தேடுகிறார். அந்தப் பொறுப்பை மாதக்கணக்கான காத்திருப்பு மட்டும் நிறைவேற்றிவிடாது. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பெண் என்றால் அறியாமை நிறைந்தவள் என்று எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் சிறிதும் உடன்பாடு இல்லை. பாதிரியார் வீட்டை நடத்துபவளுக்கு ஊரில் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தக் குத்தகைதாரர் குத்தகைப் பணம் கட்ட முடியாமல் மாட்டை விற்றார், யாருடைய மகன் வாட்டர்லூவிலிருந்து திரும்பவில்லை என்பதெல்லாம் தெரிந்திருக்கும். உலகத்தைப் பார்த்தவன் அவன், அந்த ஊரைப் பார்த்தவள் அவள். பண்ணைக் கணக்கில் வெறும் எண்ணாக இருக்கும் ஒரு குடும்பத்தைப் பற்றி அவன் கேட்க, அவள் சொல்லும் விடையிலிருந்து அவர்களுடைய உரையாடல் தொடங்கலாம்.

வழக்கங்களில் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். 29 வயதான மணமாகாத பெண் பெரும்பாலும் தலையில் சரிகைத் தொப்பி அணியத் தொடங்கியிருப்பாள். தான் மணச் சந்தையிலிருந்து விலகிவிட்டதாக ஊருக்கு அவள் தரும் அறிவிப்பு அது. அதனாலேயே இளம் பெண்ணுக்கு இருக்கும் அளவு காவல் அவளுக்கு இருக்காது. தங்கையின் துணையாக நடன நிகழ்ச்சிக்குப் போய்ச் சுவரோரம் அமர்ந்திருப்பவளாகக்கூட அவளைக் காட்டலாம். அங்கே அவன் அவளோடு ஒருமுறை ஆடினால் மரியாதை. இருமுறை ஆடினால் ஊர் கவனிக்கும். அதற்கு மேல் ஆடினால் நிச்சயம் ஆகிவிட்டது என்றே பேசுவார்கள்.

கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மணம் நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது தகாது என்று கருதப்பட்டது, ஆகவே அவர்கள் நேரடியாக எழுதிக்கொள்ளக் கூடாது. ஆனால் அஞ்சலில் உங்களுக்கு ஓர் அழகான வழி இருக்கிறது. கடிதத்துக்கான கட்டணத்தைப் பெறுபவரே செலுத்த வேண்டும், தூரமும் தாளின் எண்ணிக்கையும் கூடக்கூடக் கட்டணமும் கூடும். பிரபுக்கள் அவையின் உறுப்பினர் தம் கையாலேயே முகவரியையும் நாளையும் எழுதிக் கையொப்பம் இட்டால் அந்தக் கடிதம் கட்டணமின்றிப் போகும், நண்பர்களுக்காகவும் அப்படி எழுதிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. தொலைவில் மணமாகிப் போன தங்கைக்கு அவள் எழுதும் கடிதத்தின் மடிப்பின் மேல் புதிய ஏர்லின் கையெழுத்து இருக்கட்டும். உள்ளே அவனைப் பற்றி அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆனாலும் தங்கை மேற்புறத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வாள்.

வெண்தாமரை

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. அண்ணியின் கர்ப்பத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அண்ணனின் மரணத்தை 1815-இன் இறுதிக்கும் குழந்தையின் பிறப்பை அந்தக் குளிர்ந்த கோடைக்கும் மாற்றினால் எல்லாம் பொருந்தி வருகிறது. ஞானத்தாயின் உயிலை அவன் ஏர்ல் ஆவதற்குச் சற்று முன்பாகவே வைக்கப் போகிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அவன் உண்மையிலேயே அவளை நேசிக்கிறான் என்றால், அவள் இழக்கப்போவதை அவளுக்கே திருப்பித் தர அக்காலத்தில் ஏதாவது வழி இருந்ததா? சட்டம் முழுவதும் எதிராக இருக்கும்போது வெறும் வாக்குறுதியால் அவள் மனம் மாறுவதாக எழுத எனக்கு விருப்பமில்லை. திருமணத்தைச் சிறப்பு அனுமதியோடு நடத்துவதா, வேறு வகையிலா என்றும் தெரிய வேண்டும்.

தொடுவானம்

வழி இருந்தது, அது உங்கள் உச்சக் காட்சியாகவே அமையலாம். மணத்துக்கு முன் எழுதப்படும் மண ஒப்பந்தத்தின் வழியாக, பெண்ணின் பணத்தை அறங்காவலர்களின் பெயருக்கு மாற்றி, கணவன் தொட முடியாத அவளுடைய தனிச் சொத்தாக வைக்கலாம். சான்சரி நீதிமன்றம் அதை ஏற்றுக் காப்பாற்றும். பணக்காரக் குடும்பங்கள் மகள்களுக்காக இதைச் செய்வது வழக்கம்தான். உங்கள் கதையில் புதுமை எதில் இருக்கலாம் என்றால், அதைக் கேட்பது பெண் வீட்டாராக இல்லாமல் மணமகனாகவே இருப்பதில். கடன் மூழ்கடிக்கும் நிலையில் இருப்பவன், தன் வழக்கறிஞர் தலையால் அடித்துக்கொண்டு தடுக்கத் தடுக்க, அந்த 5,000 பவுண்டில் ஒரு காசைக்கூடத் தன் கடன்காரர்கள் தொட முடியாதபடி எழுதச் சொல்கிறான். பாத் நகரில் அவள் எடுக்க நினைத்த அறைகளின் வாடகை என்றென்றும் அவள் கையிலேயே இருக்கும். வேண்டுமானால் அவள் போகலாம். அவனுடைய காதலைச் சொல்ல இதைவிட நேரடியான வழி அக்காலத்துப் பிரபு ஒருவனுக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒப்பந்தத்தின் இறுதி வரைவை அவளே வாசிக்க வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். அதைத் தந்தையோ மாமனோ வாசித்துச் சொல்வதாக எழுதிவிடாதீர்கள்.

திருமண முறையைப் பொறுத்தவரை, 1753-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ஊர்த் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை (மணமக்களின் பெயரை ஊரார் முன் சொல்லும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், அல்லது ஆயரின் அனுமதி பெற வேண்டும். கேன்டர்பரி பேராயரின் சிறப்பு அனுமதி இருந்தால் எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் மணக்கலாம். மற்ற திருமணங்கள் காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில் தேவாலயத்திலேயே நடந்தாக வேண்டும். பிரபுக்கள் ஓலையை விரும்புவதில்லை, தம் பெயரை ஊரார் முன் வாசிப்பதைத் தகுதிக்குக் குறைவாக எண்ணினார்கள். இந்த நாயகனுக்கு ஓலையே பொருத்தம். தன் மகளின் பெயரையும் தன் பதவிக்குப் புரவலனானவனின் பெயரையும் அந்தப் பாதிரியாரே மூன்று வாரம் பீடத்திலிருந்து வாசிக்க வேண்டும், எவருக்கேனும் ஆட்சேபம் உண்டா என்று கேட்கவும் வேண்டும். வயது 29 என்பதால் சட்டப்படி அவருடைய சம்மதம் தேவையில்லை. அவர் குரல் எப்படி ஒலிக்கிறது என்பதை ஊர் முழுவதும் கேட்கும்.

ஒப்பந்தம் மணத்துக்கு முன்பே கையெழுத்தாகிவிட வேண்டும் என்பதை மறவாதீர்கள். இரண்டாம் ஞாயிறுக்கும் மூன்றாம் ஞாயிறுக்கும் இடைப்பட்ட வாரத்தில் அதை வைத்தால், மணம் பேசி முடிந்த பின்னரும் அவள் பின்வாங்கலாம் என்ற நிலை கடைசி வரை நீடிக்கும். நிச்சயத்தை முறிக்கும் சலுகையை அக்கால நாகரிகம் பெண்ணுக்குத்தான் கொடுத்திருந்தது. ஆண் பின்வாங்கினால் அவன் மானம் போகும், வாக்குத் தவறியதற்காக அவன் மீது வழக்கும் வரலாம்.