ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை எதிர்த்து மனு: கெடு எந்த நாளிலிருந்து?

வணக்கம், திருப்பூரில் இருக்கிறேன். லோடு வண்டிக் கடனுக்காக ஒரு நிதி நிறுவனம், தானே நியமித்த நடுவரை (ஆர்பிட்ரேட்டர், கோர்ட்டுக்கு வெளியே வழக்கைத் தீர்ப்பவர்) வைத்துச் சென்னையில் எனக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிவிட்டது. விசாரணை நடந்ததே எனக்குத் தெரியாது. நோட்டீஸ் எல்லாம் பழைய முகவரிக்குப் போய், ‘வீடு மாறிவிட்டார்’ என்று தபால்காரர் எழுதித் திரும்பியிருக்கிறது. புது முகவரியை முன்பே எழுதிக் கொடுத்து, கிளை முத்திரை போட்ட நகலும் வைத்திருக்கிறேன்.

மார்ச் மாதம், அந்தத் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்டு நிறுவனம் கோர்ட்டில் போட்ட நிறைவேற்று மனுவின் சம்மனோடு வந்த தீர்ப்பு ஜெராக்ஸ்தான் கையில் இருக்கிறது. கையெழுத்திட்ட நகல் கேட்டு நடுவருக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், பதில் இல்லை. கிளையில் போய் நின்றால் சென்னையில் கேளுங்கள் என்கிறார்கள். தீர்ப்பை எதிர்த்து மனு போட 1996 ஆர்பிட்ரேஷன் சட்டம் 34ஆம் பிரிவில் மூன்று மாதம், போதிய காரணம் காட்டினால் இன்னும் 30 நாள், அதோடு சரி. அதுதான் பயம்.

அந்த மூன்று மாதம் ஜெராக்ஸ் கிடைத்த நாளிலிருந்தா, கையெழுத்திட்ட நகல் கிடைக்கும் நாளிலிருந்தா?