மறு: ‘டாப்பர்’: தலைப்பட்டை எனலாமா?

அன்புடையீர்,

பழைய அமெரிக்க ஞாயிறு நாளிதழ்களின் வண்ணச் சித்திரக்கதைத் தாள்களைச் சேகரிப்போருக்காக நாம் தொகுக்கும் சொற்பட்டியலில் ‘டாப்பர்’ மட்டும் அப்படியே நிற்கிறது. நம்மூரில் டாப்பர் என்றால் பிளஸ் டூவில் முதலிடம் வாங்கிய பிள்ளை. ஆகவே மாற்றியாக வேண்டும்.

பொருள் இது: முழுப்பக்கத்துக்கு வரும் சித்திரக்கதையின் தலைமேல் அதே ஓவியர் வரையும் வேறொரு சிறு கதை. பாப்பாய் வந்த ‘திம்பிள் தியேட்டர்’ மேல் ‘சாப்போ’. ‘ஃபிளாஷ் கார்டன்’ மேல் ‘ஜங்கிள் ஜிம்’. நாளிதழ்களுக்குச் சித்திரக்கதைகளை விற்ற கிங் ஃபீச்சர்ஸ் நிறுவனம் 1920களில் புகுத்திய ஏற்பாடு. பக்கத்தைக் கூட்டாமலே ‘எங்கள் இதழில் இத்தனை கதைகள்’ என்று நாளிதழ்கள் விளம்பரம் செய்ய உதவியது.

என் முன்மொழிவு: தலைப்பட்டை.

-----

> என் முன்மொழிவு: தலைப்பட்டை.

ஐயா, இதில் எனக்கு மூன்று தடைகள்.

ஓசையில் ஒன்று. ‘தலைப்பட்டான்’, ‘தலைப்பட்டது’ என்று படித்துப் பழகிய கண் இதையும் வினையாகவே படிக்கும். ‘உடன்பட்டை’ என்று மாற்றினாலும் இதே தொல்லைதான்.

‘பட்டை’ இன்னொன்று. லவங்கப்பட்டை, திருநீற்றுப் பட்டை, அகலப்பட்டை என்று அந்தச் சொல் ஏற்கெனவே பாரம் சுமக்கிறது. தென்னங்கீற்று, ஒளிக்கீற்று என்கிறோமே, அந்தக் கீற்று நீண்டு மெலிந்த துண்டுக்கு இயல்பாகப் பொருந்தும்.

பெரிய தடை ‘தலை’. ஹால் ஃபாஸ்டரின் ‘பிரின்ஸ் வேலியன்ட்’ பக்கத்தில் 1944, 1945 ஆண்டுகளில் ‘தி மெடீவல் காசில்’ என்ற சிறு கதை பக்கத்தின் அடியில் வந்தது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில், இடம் போதாத நாளிதழ் அதை மட்டும் நீக்கிவிட்டு மீதியை அச்சிட வசதியாக அமைத்தது. காலடியில் கிடப்பதைத் தலைப்பட்டை என்பதா? ஆங்கிலச் சொல்லுக்கு அந்தக் குறை ஒட்டிக்கொண்டுவிட்டது. நாமும் அதைச் சுமப்பானேன்? இருக்கும் இடம் இதன் இலக்கணம் ஆகாது. முதன்மைக் கதைக்குச் சேதமில்லாமல் நீக்கிவிடலாம் என்பதே இலக்கணம். ஆசிரியர் அதை நீக்கி அங்கே விளம்பரமோ வேறொரு கதையோ போட்டுக்கொள்ளலாம். அதனால் ‘துணைக்கீற்று’ என்கிறேன். இடம் சொல்ல வேண்டுமானால் மேல்துணை, அடித்துணை.

சேகரிப்பவருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியும் அன்று. 1930களின் ஃபிளாஷ் கார்டன் தாள் ஒன்று ஜங்கிள் ஜிம் இல்லாமல் வருகிறது என்று வையுங்கள். அச்சிலேயே இல்லையா, பின்னால் யாரோ வெட்டினார்களா? விலை அதைப் பொறுத்தது. முதலில் அளவுகோலை எடுக்க வேண்டும். அக்கால முழுப்பக்கம் ஏறக்குறைய 16 அங்குல அகலம், 22 அங்குல உயரம். அரைப்பக்கப் பதிப்பு அதே அகலத்தில் 11 அங்குல உயரம்; அதில் கட்டங்களையே மாற்றி அடுக்கியிருப்பார்கள். டேப்லாய்டு எனும் சிறிய வடிவ நாளிதழின் பக்கம் சுமார் 11க்கு 15. அகலம் 16 இருந்து உயரம் 14, 15 என்று நின்றால் கத்தரி பட்டிருக்கிறது. ஆனால் வெட்டுப்பட்டது எது? துணைக்கீற்றின் இடத்தில் வந்த விளம்பரமாகவும் இருக்கலாம்.

அதற்கு மேல் ஓரத்தைப் பார்க்க வேண்டும். நாளிதழின் பெயரும் தேதியும் உள்ள வரி பக்கத்தின் உச்சியில் வரும். அந்த வரிக்கு நேர் கீழே ஃபிளாஷ் கார்டன் தொடங்கினால், அந்த நாளிதழ் மேல்துணையை அச்சிடவே இல்லை. வரி இல்லாமல் ஓரம் வழவழவென்று நேராக இருந்தால் வெட்டியது. வெட்டுப்படாத தாளில் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ரம்பப் பல் போல இருக்கும். அச்சு இயந்திரத்தின் கத்தி அறுத்த தடம் அது. ஐயம் தீராவிட்டால் தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்துக் கட்டம் பாதியில் அறுந்திருந்தால் பேச்சே இல்லை.

ஒரு விலக்கு உண்டு. நூலகங்கள் கட்டடம் செய்து வைத்த தொகுதிகளிலிருந்து பிரித்த தாள்களில் ரம்பப் பல் இருக்காது. கட்டும்போதே ஓரங்களைச் சீவிவிடுவார்கள். சந்தையில் இவ்வகைத் தாள்கள் நிறைய. மைக்ரோபிலிம் எடுத்த கையோடு நூலகங்கள் அசல் தொகுதிகளைக் கழித்துக்கட்டின. படச்சுருளோ கறுப்பு வெள்ளை. பில் பிளாக்பியர்ட் என்ற சேகரிப்பாளர் 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அமைப்பை நிறுவி அவற்றை வாரிச் சேர்க்காமல் இருந்திருந்தால் வண்ணத்துக்குச் சாட்சி மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கும். பின்னாளில் அது ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது எடை 75 டன்!

-----

துணைக்கீற்று நன்று. ஆனாலும் ‘தொடுகீற்று’ என்று ஒன்று தோன்றுகிறது. சோற்றுக்குத் தொடுகறி போல, பெரிய கதைக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று.

ஒரு கேள்வியும் உண்டு, அம்மா. ‘பீனட்ஸ்’ ஞாயிறு பக்கங்களில் முதல் வரிசையை நீக்கிவிட்டு அச்சிடுவார்களே, அதுவும் துணைக்கீற்றுதானா?

-----

> ‘தொடுகீற்று’ என்று ஒன்று தோன்றுகிறது.

சுவையான சொல்தான். ஆனால் தொடுதிரைக்குப் பழகிய தலைமுறை விரலால் தொட்டுப் பார்க்கும்!

பீனட்ஸ் கேள்விக்கு: இல்லை. துணைக்கீற்று வேறு கதை. அதற்குத் தனித் தலைப்பு, தனிப் பாத்திரங்கள். நீங்கள் சொல்வது அதே கதையின் கட்டங்கள். வழக்கமான அரைப்பக்கத்தில் மூன்று வரிசை. மேல் வரிசையில் தலைப்புக் கட்டமும், இல்லாவிட்டாலும் கதை குலையாத ஒரு சிறு நகைச்சுவையும். அந்த வரிசையைத் தள்ளினால் மீதி இரண்டு வரிசை மூன்றிலொரு பக்கத்தில் அடங்கும். இதற்கு ‘விடுகட்டம்’ என்பேன். விட்ட, விடுகின்ற, விடும் கட்டம் என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. ஒரே ஞாயிறன்று ஒரு நாளிதழ் விட்டிருக்கும், இன்னொன்று விட்டிருக்காது. இரண்டுக்கும் சொல் பொருந்துகிறது. ‘கழிகட்டம்’ வேண்டாம், ஓவியர் உழைத்து வரைந்தது கழிவு அல்ல.

இந்தக் கட்டாயத்தை வெறுத்தவர் பில் வாட்டர்சன். 1992இல் நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியபோது, ‘கால்வின் அண்டு ஹாப்ஸ்’ ஞாயிறு பக்கத்தைப் பிரிக்க முடியாத அரைப்பக்கமாகவே கொடுத்தார். அதற்குப் பிந்திய தாள்களில் விடுகட்டம் என்ற பேச்சே கிடையாது. அங்கே வரிசை குறைந்தால் அது கிழிந்த தாள்.

-----

ஐயா, அம்மா, ஒப்புக்கொள்கிறேன். தலைப்பட்டையைத் திரும்பப் பெறுகிறேன். பட்டியலில் இப்படி ஏற்றலாமா?

துணைக்கீற்று: ஞாயிறு சித்திரக்கதைப் பக்கத்தில் முதன்மைக் கதையோடு அதே ஓவியர் பெயரில் வரும், நீக்கத்தக்க தனிக்கதை. மேல்துணை, அடித்துணை என இருவகை.

விடுகட்டம்: சிறிய அளவில் அச்சிடும்போது நீக்குவதற்கென்றே முதன்மைக் கதைக்குள் வரையப்பட்ட கட்டம்.

தாள் விவரம் எழுதும்போது இரண்டையும் தனித்தனியே குறிக்க வேண்டும்: ‘முழுப்பக்கம், மேல்துணை உண்டு’ அல்லது ‘அரைப்பக்கம், விடுகட்டங்கள் முழுமை’ என்று. வெட்டியிருந்தால் ‘மேல்துணை வெட்டப்பட்டது’. அச்சிலேயே வராவிட்டால் ‘மேல்துணை அச்சில் இல்லை’. வெறுமனே ‘இல்லை’ என்று எழுதினால் வாங்குபவருக்கு ஒன்றும் விளங்காது. வெட்டிய துணைக்கீற்று தனியாகக் கிடைத்தாலும் செல்லோடேப்பால் முதன்மைத் தாளோடு ஒட்டவே கூடாது. பசை சில ஆண்டுகளில் பழுப்பேறி மறுபக்கம்வரை ஊறும். இரண்டையும் ஒரே மைலார் (ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர்) உறைக்குள், அமிலத்தை முறிக்கும் காரம் ஏற்றிய அட்டைமேல் மடிக்காமல் வைத்தால் போதும்.

ஒன்று பாக்கி. ஜங்கிள் ஜிம் அரைப்பக்க அளவில் ஃபிளாஷ் கார்டனோடு சேராமல் தனித்தும் அச்சாகியிருக்கிறது. அந்தத் தாளையும் துணைக்கீற்று என்பதா?

-----

வேண்டாம் ஐயா. அங்கே அது யாருக்கும் துணையில்லை. ‘ஜங்கிள் ஜிம், அரைப்பக்கம்’ என்று மட்டும் எழுதுங்கள்.