கொழுக்கட்டைக்குள் புவிக்கரு: தமிழக–கேரள எல்லையோரப் பள்ளிகளின் வகுப்பறை அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

தின்பண்டத்தில் பூமி செய்யும்போது முதலில் பிசகுவது அளவு. வெளியிலிருந்து உள்ளே மேலோடு, கவசம், வெளிக்கரு, உட்கரு என்று நான்கு நிறத்தில் நான்கு அடுக்கு, எல்லாம் ஒரே கனத்தில் இருந்தால், மேலோடு என்பது ஏதோ கனத்த ஓடு என்றே பிள்ளைகள் மனதில் தங்கிவிடும். அதனால் எங்கள் ஐந்தாம் வகுப்பில் 1,000 கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று கணக்கு போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறோம்.

பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். ஆக 13 செ.மீ. வாயகலமுள்ள, அடி உருண்ட கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வேண்டும். அதுதான் பாதி பூமி, வெட்டுமுகம் மேலே பார்த்தபடி. கருவின் ஆரம் 3,480 கி.மீ. அதற்கு 7 செ.மீ. வாயுள்ள குழிக்கரண்டி கச்சிதமாகப் பொருந்துகிறது. உட்கருவின் ஆரம் 1,220 கி.மீ., அதாவது 2.4 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையில் பாதி.

கவசத்துக்கு 450 மி.லி. தேவை. சைனா கிராஸ் என்று கடையில் தரும் கடல்பாசி 10 கிராமை நறுக்கி, 200 மி.லி. தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, இழை தெரியாமல் கரையும்வரை காய்ச்சவும். இறக்கிய பிறகு 250 மி.லி. வெதுவெதுப்பான தேங்காய்ப்பாலும் மூன்று கரண்டி சர்க்கரையும் சேர்க்கவும். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டால் திரியும். குளிர்ந்த பாலை ஊற்றினால் கடல்பாசி அங்கங்கே கட்டி தட்டும். கிண்ணத்தின் உட்புறம் நெய் தடவி, வறுத்த ராகி மாவு இரண்டு டீஸ்பூன் தூவிவிடுங்கள். அதுதான் மேலோடு. கணக்குப்படி அரைப் பூமிக்கு மேலோடு 9 மி.லி. கூட வராது. இரண்டு டீஸ்பூன் என்று சொன்னதும் வகுப்பில் யாருமே நம்புவதில்லை. திருப்பிக் கணக்கு போடச் சொல்ல வேண்டும்.

குழிக்கரண்டியில் தண்ணீர் நிரப்பி நடுவில் தாங்கிப் பிடித்து, சூடு தணிந்த கலவையைச் சுற்றிலும் ஊற்றவும். தண்ணீர் இல்லாவிட்டால் கரண்டி மேலே எழும்பும். உறைந்த பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொதிநீர் ஊற்றி, பத்து விநாடி கழித்துக் கரண்டியைத் திருகினால் குழி சுத்தமாக வரும். வெளிக்கருவுக்கு, அதில் ஆறிய வெல்லப்பாகை, கம்பிப்பதம் வருவதற்கு முந்தைய பதத்தில் ஊற்றுங்கள். 85 டிகிரிக்கு மேல் கடல்பாசி உருகிவிடும் என்பதால் சூடான பாகு கவசத்தைத் தின்றுவிடும். ஜெலட்டின் வாங்கிவிடாதீர்கள். நம் ஊர் ஏப்ரல் வெயிலில் மேசையிலேயே இளகி ஓடும்.

பலருக்கும் கெடுவது உட்கரு. பேரீச்சை உருண்டையைப் பாகில் போட்டால் அடியில் போய் உட்காரும், பூமியின் மையம் கவசத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 3 செ.மீ. ஈர்க்குச்சியைக் குழியின் அடியில் நட்டு, அதன்மேல் அரை உருண்டையைத் தட்டைப்பக்கம் மேலே வரும்படி குத்திவையுங்கள். சாப்பிடுமுன் குச்சிகளை எண்ணி எடுத்துவிட வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து

கொழிஞ்சாம்பாறை டீச்சர் சொன்ன அளவு அருமை. ஆனால் ஆளுக்கொன்று கொடுக்க வேண்டுமென்றால் கொழுக்கட்டைதான் கைகொடுக்கும். 5 செ.மீ. உருண்டை, உட்கருவுக்கு ஒரு வறுத்த கொண்டைக்கடலை. அதைச் சுற்றிக் கருப்பட்டித் தூளை லேசாக ஈரப்படுத்தி 2.7 செ.மீ. வரை அழுத்திப் பிடிக்கவும். கவசத்துக்குத் தோலோடு வேகவைத்து மசித்த பச்சைப்பயறுப் பூரணம். இதில் நிறமும் பாடம்தான். படங்களில் கவசத்தைச் சிவப்பாகத் தீட்டுகிறார்கள், மேற்கவசப் பாறையிலோ பச்சை நிற ஆலிவின்தான் அதிகம்.

பத்து உருண்டைக்குப் பயறு 200 கிராம், வெல்லம் 120, கருப்பட்டி 100, அரிசி மாவு ஒரு கப். ஆவியில் கருப்பட்டி உருகி வெளிக்கரு திரவமாகிவிடும். பூரணம் வறண்டிருந்தால் அந்தப் பாகை அதுவே குடித்துவிடும். தேங்காய்த் துருவல் சேர்த்தாலும் அதன் வழியாகக் கசிந்து போய்விடும். நெய் விட்டுச் சுருளக் கிளறி, கையில் ஒட்டாத பதத்தில் இறக்க வேண்டும். இறக்கிப் பத்து நிமிடத்தில் வெட்டுங்கள். முன்னால் வெட்டினால் வாய் வெந்துவிடும், ரொம்பத் தாமதித்தால் பாகு இறுகிவிடும்.

மேல்மாவை எவ்வளவு மெல்லியதாகத் தட்டினாலும் 2 மி.மீ. இருக்கும். இந்த அளவில் அது 500 கிலோமீட்டர். உண்மையான மேலோடு 0.14 மி.மீ.தான் வர வேண்டும். இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடக்கூடாது.

தேனி கூடலூரிலிருந்து

கவசத்தை எரிமலைக் குழம்பு என்று சொல்லிக்கொடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும். கவசம் திடப்பாறை. ஆனால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் மெல்ல நகர்கிறது. திடமும் ஓடுமா என்று கேட்கிற பிள்ளைக்கு ஜவ்வு மிட்டாய் கொடுங்கள். 200 கிராம் வெல்லம், 50 மி.லி. தண்ணீர், ஒரு ஸ்பூன் நெய். உருட்டுப்பதத்துக்கும் கமர்கட் பதத்துக்கும் நடுவே இறக்கி, ஆறியதும் கயிறாகத் திரிக்கவும். மெதுவாக இழுத்தால் நீளும், வெடுக்கென்று இழுத்தால் ஒடியும். நிலநடுக்க அலை சில நிமிடங்களில் கடந்துவிடுவதால் அதற்குக் கவசம் திடம். கோடிக்கணக்கான ஆண்டுகள் நீளும் நகர்வுக்கு அதே கவசம் இளகல்.

இதையொட்டியே அடுத்த கேள்வியும் வரும்: உள்ளே யார் போய்ப் பார்த்தது? யாருமில்லை. பூமியில் தோண்டியதிலேயே மிக ஆழமான ரஷ்யாவின் கோலா துளையே 12,262 மீட்டர்தான், கொழிஞ்சாம்பாறைக் கிண்ணத்தில் 0.12 மி.மீ. நிலநடுக்கத்தின்போது, போகும் திசைக்குக் குறுக்கே அதிரும் குறுக்கலைகள் திரவத்தில் போகாது. வெளிக்கருவில் அவை நின்றுவிடுவதால்தான் அது திரவம் என்று தெரிந்தது. திடமான உட்கருவை 1936ல் கண்டறிந்தவர் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன். ஜவ்வு மிட்டாயின் பாகு பதம் மட்டும் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும், அந்தச் சூடு தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

பொள்ளாச்சியிலிருந்து

உட்கரு வெளிக்கருவைவிடச் சூடு, பிறகு ஏன் உருகவில்லை? இதைக் கேட்காத வகுப்பே கிடையாது. குக்கரைக் காட்டுங்கள். அழுத்தத்தில் தண்ணீரின் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறுகிறது. அதுபோலவே மையத்தின் அழுத்தத்தில் இரும்பின் உருகுநிலையும் ஏறிவிடுகிறது. அங்கே வளிமண்டலத்தைப்போல் முப்பது லட்சம் மடங்குக்கும் மேலான அழுத்தம்.

களியக்காவிளையிலிருந்து

மலை எப்படி எழுகிறது என்பதற்குப் பாலாடையே போதும். அரை லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை அகலமான பாத்திரத்தில் காய்ச்சி, கிளறாமல் கால்மணி நேரம் சிறுதீயில் வைத்து, ஆறவிடுங்கள். இரண்டு கரண்டியால் ஆடையை எதிரெதிரே தள்ளினால் மடிந்து எழும்பும். மடிந்த இடத்தில் கனமும் கூடும். இமயமலைக்குக் கீழே மேலோடு 70 கி.மீ. வரை தடித்திருக்கிறது, கண்டங்களின் சராசரியோ 35தான். கொழுப்பு குறைந்த பாக்கெட் பாலில் ஆடை கிழிந்துவிடும்.

மீனாட்சிபுரத்திலிருந்து

மேலோட்டுக்கு வந்துவிட்டோம், ஆகவே ஒன்று. பாடத்தன்று ஆனைமலைப் பக்கத்துக் கருங்கல் துண்டு ஒன்றையும் மேசையில் வையுங்கள். இந்தப் பக்கம் கிடைப்பதில் பெரும்பகுதி சார்னோக்கைட், மேலோட்டின் உள்ளே சுமார் 20 கி.மீ. ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் உருவான பாறை. மேலே இருந்த பாறையெல்லாம் தேய்ந்து போனதால் இன்று கைக்கு எட்டுகிறது. அதன் பக்கத்திலேயே கேரள வீடுகளின் வெட்டுக்கல்லையும் வையுங்கள். அது மேற்பரப்பில் மழையில் ஊறி, சத்தெல்லாம் கரைந்தோடி, இரும்பும் அலுமினியமும் எஞ்சிய பாறை. 1807ல் பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர் இதை முதன்முதலில் விவரித்தது மலப்புறத்து அங்காடிப்புறத்தில்தான். ராகித் தூள் அடுக்கில் 20 கி.மீ. எங்கே வரும் என்று பிள்ளைகளையே குறிக்கச் சொன்னால், 0.2 மி.மீ. என்று ஸ்கேலோடு தடுமாறுவார்கள். ஒரு தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மி.மீ., இரண்டு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொடுங்கள்.

வேர்க்கடலையும் முந்திரியும் இந்தச் செய்முறைகளில் இல்லாததால் அந்த ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். கொண்டைக்கடலையும் பயறும் சிலருக்கு ஆகாது, முந்தின நாளே வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.